சுண்ணாம்பு ஏன் கொதிக்கிறது, யூரியா ஏன் குளிர்கிறது: வேதிவினைகளின் வெப்பக் கணக்கைப் புதிதாகக் கற்போருக்கு ஒரு வழிகாட்டி

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் தர்மபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. பென்னாகரம் பக்கத்தில் என் சிறு வயதில், வாசலில் கிடந்த பழைய இரும்பு அண்டாவில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, கல் சுண்ணாம்புக் கட்டிகளை அப்பா ஒவ்வொன்றாக அதில் இறக்குவார். முதலில் கட்டி தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய சீறல் மட்டுமே கேட்கும். சற்று நேரம் கழித்துக் கட்டியின் மேல் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடும், அது அகலும், கட்டி பொரிந்து மலரும், அதைச் சுற்றியுள்ள தண்ணீர் தளதளவெனக் கொதித்து ஆவி எழும். அடியில் அடுப்பும் இல்லை, விறகும் இல்லை. ஆனாலும் அண்டாவின் விளிம்பில் கை வைக்க முடியாது.

அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது என்னும் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்துவிட்டால், வேதிவினைகளின் வெப்ப மாற்றம் என்ற பாடத்தின் பெரும்பகுதி கைவசமாகிவிடும். பதினோராம் வகுப்பில் வெப்ப இயக்கவியல் பாடத்தைத் தொடும் மாணவர்களுக்கும், படிப்பை விட்டுப் பல ஆண்டுகள் கழித்துப் போட்டித் தேர்வுக்காக அதைத் திரும்பப் புரட்டுபவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். பெரும்பாலோர் வெப்பத்தை வெளிவிடும் வெப்ப உமிழ்வினை, வெப்பத்தை உள்ளே இழுக்கும் வெப்பக்கொள்வினை என்ற இரண்டு வரையறைகளை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்குகிறார்கள். தேர்வில் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று தடுமாறுகிறார்கள். வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே பல ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்திய பிறகு எனக்கு ஏற்பட்ட உறுதியான கருத்து. முதலில் கையால் தொட்டு உணர வேண்டும். அடுத்து வெப்பநிலைமானியைப் பார்த்து எழுத வேண்டும். பிறகு ஒரு பெருக்கல் கணக்குப் போட வேண்டும். குறியும் கலைச்சொற்களும் அதற்குப் பின்னால் வரட்டும்.

முதல் படி: கருவிகளைச் சேர்த்துச் சரிபார்த்தல்

ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் மைனஸ் 10 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை அளவிடக்கூடிய, சிவப்பு நிறத் திரவம் நிரப்பிய கண்ணாடி வெப்பநிலைமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பாதரசம் நிரப்பியது வேண்டாம், உடைந்தால் அதைத் திரட்டி எடுப்பது பெரும்பாடு. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 35 டிகிரிக்கும் 42 டிகிரிக்கும் இடையில் மட்டுமே அளக்கும் என்பதால் இந்த வேலைக்கு உதவாது. ஒரு கிராம் துல்லியமுள்ள சிறிய மின்னணுத் தராசு, அளவுகோடு போட்ட ஒரு குடுவை, டீக்கடையில் கிடைக்கும் காகிதக் கப் இரண்டு, மூடியாக ஓர் அட்டைத் துண்டு, இவ்வளவும் இருந்தால் போதும்.

காகிதக் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொள்ள வேண்டும். இடையில் சிக்கும் காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. எவர்சில்வர் டம்ளரில் இதே சோதனையைச் செய்தால், உலோகம் வெப்பத்தை வெளிக்காற்றுக்கும் நம் விரல்களுக்கும் கடத்திவிடுவதால், அளக்க வேண்டியதில் ஒரு பங்கு கண்ணெதிரே கைநழுவிப் போகும். இந்த இரட்டைக் கப்தான் நம்முடைய கலோரிமானி, அதாவது வெப்பத்தை அளக்கும் கருவி.

வெப்பநிலைமானியைச் சரிபார்க்க, நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த டம்ளரில் அதை வைத்துப் பாருங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். கொதிநீரில் வைத்துப் பார்க்கும்போது மட்டும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கடல்மட்டத்திலிருந்து உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைந்து தண்ணீர் முன்கூட்டியே கொதித்துவிடும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். தர்மபுரியில் 98க்கும் 99க்கும் இடையில் கொதிக்கும். அங்கே 100 காட்டவில்லை என்பதற்காகக் கருவி பழுது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இரண்டாம் படி: யூரியாவைக் கரைத்து அளத்தல்

தொடக்கச் சோதனைக்கு யூரியாவைப் போல ஏற்ற பொருள் நம் பகுதியில் வேறில்லை. பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் தக்காளி போடும் எந்த வீட்டின் திண்ணையிலும் ஒரு மூட்டை இருக்கும். 2015 முதல் வரும் யூரியா வேப்ப எண்ணெய் பூசியது. அதனால் கரைசலில் சற்றே வேம்பு வாடை வரும், மேலே மெல்லிய படலம் மிதக்கும். அளவீட்டை அது பாதிக்காது.

உள்கப்பில் 100 கிராம் தண்ணீரை எடுத்து, இரண்டு நிமிடம் விட்டு அதன் வெப்பநிலையை எழுதிக்கொள்ளுங்கள். 20 கிராம் யூரியாவை ஒரே தடவையில் கொட்டி, மரக்குச்சியால் விடாமல் கலக்குங்கள். வெப்பநிலைமானியால் கலக்கினால் அதன் குமிழ் உடைந்துவிடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்துக்கொண்டே வந்தால், வெப்பநிலை விறுவிறுவென இறங்கி, ஓரிடத்தில் நின்று, பின் மெல்ல ஏறத் தொடங்கும். மிகக் கீழே இறங்கிய அந்த அளவுதான் நமக்கு வேண்டியது. கப்பை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தால், மண்பானைத் தண்ணீரைத் தொட்டது போன்ற குளிர்ச்சி காகிதத்தைத் தாண்டி வருவதை உணரலாம்.

எடுத்துக்காட்டாக, 28 டிகிரியில் இருந்த தண்ணீர் 19க்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். இறக்கம் 9 டிகிரி. ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரி மாற 4.18 ஜூல் தேவை. இதைத் தன்வெப்ப ஏற்புத்திறன் என்பார்கள். கரைசலுக்கும் தோராயமாக இதே மதிப்பைக் கொண்டால், 120 கிராம் கரைசல் இழந்த வெப்பம் 120 × 4.18 × 9, அதாவது சுமார் 4,514 ஜூல், ஏறத்தாழ 4.5 கிலோஜூல். பொருளின் அளவைக் குறிக்க வேதியியலில் வழங்கும் அலகு மோல். யூரியாவின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 60 கிராம்; நாம் போட்டது 20 கிராம், மூன்றில் ஒரு மோல். ஆகவே ஒரு மோலுக்கு 13.5 கிலோஜூல் என்று வருகிறது. அட்டவணைகளில் காணும் மதிப்பு சுமார் 15 கிலோஜூல். காகிதக் கப்பையும் குச்சியையும் வைத்துக்கொண்டு இவ்வளவு அருகில் வந்துவிட முடிகிறது என்பது, நான் எத்தனை முறை செய்து பார்த்தாலும் எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

கரைதல் உண்மையில் வேதிவினைதானா என்று கேட்கும் மாணவர் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார். இங்கே புதிய பொருள் எதுவும் உருவாகவில்லை. நீரை வற்றவைத்தால் யூரியா திரும்பக் கிடைக்கும். ஆனால் யூரியா மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க ஆற்றல் செலவாகிறது, அவை நீர் மூலக்கூறுகளோடு சேரும்போது ஆற்றல் கிடைக்கிறது, செலவு வரவை விஞ்சுகிறது, விஞ்சிய அளவு தண்ணீரிடமிருந்தே எடுக்கப்படுகிறது. இந்தக் கணக்குமுறை வேதிவினைக்கும் அப்படியே பொருந்தும் என்பதால்தான் இதிலிருந்து தொடங்குகிறோம்.

மூன்றாம் படி: யாருடைய கணக்கு என்று முடிவுசெய்தல்

குறியில் பிழை நேர்வது இங்கேதான். கப்பில் நடப்பதை இரண்டு தரப்பாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வினைபடும் பொருள்கள் ஒரு தரப்பு. அதை அமைப்பு என்கிறோம். தண்ணீர், கப், வெப்பநிலைமானி, நம் கை, அறையின் காற்று எல்லாம் மறுதரப்பு, அது சூழல். வெப்பநிலைமானி நிற்பது சூழலின் பக்கத்தில். புத்தகத்தில் எழுதப்படும் டெல்டா எச் என்னும் என்தால்பி மாற்றமோ அமைப்பின் கணக்கு.

மண்டியில் தக்காளி விற்றவர் கணக்கில் வரவாக எழுதப்படும் அதே தொகை, வாங்கியவர் கணக்கில் பற்றாக எழுதப்படுவதைப் போல, சூழல் பெற்ற வெப்பம் அமைப்பின் கணக்கில் இழப்பாக விழும். ஆகவே வெப்பநிலைமானி ஏறினால் டெல்டா எச் கழித்தல் குறி பெறும். இறங்கினால் கூட்டல் குறி பெறும். யூரியா கரைவதற்கு டெல்டா எச் = +15 கிலோஜூல். சூடேறும் வினைக்குக் கூட்டல் குறிதானே போட வேண்டும் என்று மனம் இழுக்கும்போதெல்லாம், நான் இப்போது யார் வீட்டுக் கணக்கை எழுதுகிறேன் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.

திறந்த கப்பில் அழுத்தம் மாறாமல் இருப்பதால், நாம் அளக்கும் வெப்பமே என்தால்பி மாற்றமாகிறது. இந்த நிலையில் என்தால்பியைப் பற்றி இதற்குமேல் அறிய வேண்டியதில்லை.

நான்காம் படி: வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று கண்ணால் காணுதல்

இந்தப் படியைப் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் உடனிருக்கச் செய்ய வேண்டும். நான் மிகுந்த நேரம் செலவிடும் படி இதுவே; இங்கே ஏற்படும் குழப்பம் நீங்காவிட்டால் பின்னால் வரும் எந்தக் கணக்கும் நிலைக்காது.

ஒரு மோலார் (லிட்டருக்கு ஒரு மோல் கரைந்த) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலிட்டரையும் ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லிலிட்டரையும் இரட்டைக் கப்பில் கலந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6 முதல் 7 டிகிரி வரை ஏறும். அடுத்து, இரண்டிலும் 100 மில்லிலிட்டர் எடுத்துக் கலந்தால் எத்தனை டிகிரி ஏறும் என்று கலப்பதற்கு முன்பே மாணவர்களிடம் எழுதி வாங்கிவிடுவேன். பெரும்பாலோர் இரட்டிப்பாக, 13 அல்லது 14 என்று எழுதுவார்கள். கலந்து பார்த்தால் அதே 6 முதல் 7 டிகிரிதான் ஏறுகிறது.

காரணம் எளிது. வினைபட்ட அளவு இரட்டிப்பானதால் வெளிப்பட்ட வெப்பம் இரட்டிப்பானது. ஆனால் அந்த வெப்பத்தைப் பகிர்ந்துகொண்ட தண்ணீரும் இரட்டிப்பானது. ஒரு படி கேழ்வரகுக் களியை ஐந்து பேர் உண்டாலும் இரண்டு படிக் களியைப் பத்துப் பேர் உண்டாலும் ஆளுக்குக் கிடைக்கும் உருண்டை ஒன்றே. வெப்பநிலை என்பது ஒவ்வொரு கிராமுக்கும் கிடைத்த பங்கின் அடையாளம். வெப்பம் என்பது சமைத்த மொத்தக் களி. மொத்தத்தை அறிய வேண்டுமானால் வெப்பநிலை மாற்றத்தோடு நிறையையும் பெருக்கியே ஆக வேண்டும்.

முதல் சோதனைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வலிமை மிகு அமிலமும் வலிமை மிகு காரமும் நடுநிலையாகும்போது ஒரு மோல் நீர் உருவாவதற்குச் சுமார் 57 கிலோஜூல் வெளிப்படும். 50 மில்லிலிட்டரில் இருப்பது 0.05 மோல், எனவே 2.85 கிலோஜூல். இதை 100 கிராம் கரைசலின் 418 ஜூலால் வகுத்தால் 6.8 டிகிரி. அமிலத்தை நைட்ரிக் அமிலமாக மாற்றினாலும் காரத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடாக மாற்றினாலும் இந்த 57 ஏறக்குறைய மாறாது. எல்லா வேளையிலும் உண்மையில் நடப்பது ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராவது மட்டும்தான். அசிட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்த அமிலத்தில் மதிப்பு சற்றுக் குறையும். அயனியாகப் பிரிவதற்கே கொஞ்சம் ஆற்றல் போய்விடுகிறது.

ஐந்தாம் படி: நுரைப்பதெல்லாம் சூடாகாது என்று அறிதல்

வீட்டில் செய்யத்தக்க விரைவான சோதனை இது. எலுமிச்சைச் சாற்றில் வெப்பநிலைமானியை வைத்து, இரண்டு தேக்கரண்டி ஆப்ப சோடாவைக் கொட்டுங்கள். புஸ்ஸென்று நுரை பொங்கும்; ஆனால் வெப்பநிலை சில டிகிரி இறங்கும். ஆரவாரமாக நடக்கும் வினை வெப்பத்தை வெளிவிடும் என்ற நம்பிக்கை இந்த ஒரு கோப்பையில் உடைந்துவிடும். வெப்பத்தை உள்ளே இழுக்கும் வினையும் தானாக நடக்க முடியும் என்பதும் இதிலேயே தெரிகிறது. வாயுவாகப் பரவி விரியும் போக்கு அதற்குத் துணை நிற்கிறது. என்ட்ரோப்பி என்ற பெயரில் அது பின்னால் பாடமாக வரும்.

ஆறாம் படி: பிணைப்புகளின் செலவையும் வரவையும் எழுதுதல்

இப்போது கப்புக்கு உள்ளே நுழையலாம். பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். பிணைப்பு உருவாகும்போது எப்போதும் ஆற்றல் கிடைக்கும். இதற்கு விலக்கே கிடையாது. உணவிலும் எரிபொருளிலும் உள்ள பிணைப்புகள் உடைந்து ஆற்றல் வெளிப்படுகிறது என்று பலர் சொல்லக் கேட்கிறோம், சில நேரங்களில் வகுப்பறையிலேயே கேட்கிறோம். அது தவறு. உடைவதால் எதுவும் கிடைப்பதில்லை. உடைந்தவை கரியமில வாயுவாகவும் நீராகவும் மேலும் உறுதியாக இணையும்போதுதான் கிடைக்கிறது.

ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல், ஒரு மோல் குளோரின் பிணைப்பை உடைக்க 242, ஆகச் செலவு 678. உருவாகும் இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடுப் பிணைப்புகள் தருவது 431 வீதம் 862. வரவு மிகுதி, மிச்சம் 184 கிலோஜூல் வெப்பமாக வெளியேறுகிறது. அமைப்பின் கணக்கில் அது இழப்பு என்பதால் டெல்டா எச் = −184. செலவிலிருந்து வரவைக் கழித்தாலே சரியான குறி தானாக வந்துவிடும்.

வரவு மிகுதி என்பதாலேயே வினை உடனே தொடங்கிவிடாது. முதல் சில பிணைப்புகளை உடைக்க முன்பணம் போல ஓர் ஆற்றல் தேவை; அதுவே கிளர்வு ஆற்றல். கற்பூரத்துக்குத் தீக்குச்சியைக் காட்ட வேண்டியிருப்பதும் அடுப்புக்குப் பொறி தேவைப்படுவதும் இதனால்தான். வெப்பத்தின் அளவுக்கும் வினையின் வேகத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. குளுக்கோஸ் ஒரு மோல் முழுதாக ஆக்சிஜனோடு சேர்ந்தால் 2,803 கிலோஜூல் வெளிப்படும். தீயில் எரிந்தாலும் அவ்வளவுதான், உயிருள்ள திசு மெல்லச் சுவாசித்தாலும் அவ்வளவுதான். கிருஷ்ணகிரிப் பக்கம் வைக்கோலில் மாங்காய் பழுக்கவைப்பவர்கள், மூன்றாம் நாள் அடுக்குக்குள் கையை விட்டு அதன் வெதுவெதுப்பைப் பார்த்தே பதம் சொல்வார்கள். அந்த வெதுவெதுப்பு காய்களின் சுவாசம் தரும் வெப்பம். வைக்கோல் அதை வெளியேறாமல் பிடித்துவைக்கிறது. 1782–83 குளிர்காலத்தில் பாரிசில் லவாய்சியர், லாப்லாஸ் என்னும் இரு அறிவியலாளர்கள் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, உருகிய பனியை அளந்து, சுவாசமும் ஒரு வகை மெதுவான எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள். வைக்கோலுக்குள் கை விடுபவரும் அவர்களும் அளந்தது ஒன்றையே.

ஏழாம் படி: அண்டாவுக்குத் திரும்புதல், ஹெஸ் விதி

கல் சுண்ணாம்பு என்பது சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டு எடுத்த கால்சியம் ஆக்சைடு. காளவாயில் வெப்பநிலை 900 டிகிரியை ஒட்டி உயரும்போது, சுண்ணாம்புக் கல்லான கால்சியம் கார்பனேட் கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. இதற்கு ஒரு மோலுக்கு 178 கிலோஜூல் வெப்பம் உள்ளே போக வேண்டும். அந்த வெப்பத்தை விறகோ நிலக்கரியோ எரிந்து கொடுத்தது.

அண்டாவில் தண்ணீரோடு சேரும்போது, கால்சியம் ஆக்சைடு கால்சியம் ஹைட்ராக்சைடாகி, ஒரு மோலுக்கு 65 கிலோஜூலை வெளிவிடுகிறது. ஒரு மோல் 56 கிராம், எனவே 5.6 கிலோ தூய கல் சுண்ணாம்பு 6,500 கிலோஜூல் தரும். 28 டிகிரித் தண்ணீர் 22 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். அப்பாவின் அண்டா அடுப்பில்லாமல் கொதித்த கதை இதுதான். காளவாயில் உள்ளே போட்டுப் பூட்டியதில் ஒரு பங்கு வாசலில் திரும்பக் கிடைத்தது.

அப்படியானால் மிச்சம் எங்கே? 178இல் 65 போக 113 இருக்க வேண்டும். அது சுவரில் இருக்கிறது. வெள்ளையடித்த சுவரின் கால்சியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவை நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மெல்ல ஏற்று, நீரை விட்டு, மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. அந்த வினையின் டெல்டா எச் ஒரு மோலுக்கு −113 கிலோஜூல். மிக மெதுவாக நடப்பதால் சுவரில் கை வைத்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கணக்கு நேராகிறது: +178, −65, −113, கூட்டினால் சுழியம். கல்லில் தொடங்கிக் கல்லில் முடிந்த சுற்றில் ஒரு கிலோஜூல்கூட எங்கும் தொலைந்துபோகவில்லை. பாடநூல் இதை எடுத்துக்காட்டாகத் தந்தாலும் தராவிட்டாலும், என் வகுப்பில் ஹெஸ் விதியை நான் இதைக் கொண்டே தொடங்கினேன்.

ஜெனிவாவில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய வேதியியலாளர் ஜெர்மைன் ஹென்றி ஹெஸ் 1840இல் இந்த உண்மையை விதியாக வகுத்தார். ஒரு வினை ஒரே படியில் நடந்தாலும் பல படிகளில் நடந்தாலும் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றே. தர்மபுரியிலிருந்து ஓசூருக்குக் கிருஷ்ணகிரி வழியாகத் தேசிய நெடுஞ்சாலையிலும் போகலாம், பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாகவும் போகலாம். தூரம் மாறும், நேரம் மாறும், வழியில் ஏறி இறங்கும் மேடுகள் மாறும். ஓசூரில் இறங்கும்போது நாம் கூடுதலாக ஏறியிருக்கும் ஏறத்தாழ 400 மீட்டர் மட்டும் எந்தப் பேருந்தில் வந்தாலும் மாறாது.

சுண்ணாம்புச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். கல் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும். எப்போதும் தண்ணீரில்தான் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும்; சுண்ணாம்புக் குவியலின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், வெப்பத்தை வாங்கிக்கொள்ளப் போதிய நீர் இல்லாமல் அது கொதித்துத் தெறிக்கும். மூடி போட்ட பாட்டிலில் ஒருபோதும் போடக் கூடாது, ஆவியின் அழுத்தத்தில் வெடிக்கும். சுண்ணாம்பு தாளித்துப் பழகிய பெரியவர் ஒருவர் செய்யும்போது, நான்கடி தள்ளி நின்று பாருங்கள். கட்டி சற்று நேரம் சும்மா இருக்கிறதே என்று குனிந்து எட்டிப் பார்ப்பவர்களுக்குத்தான் விபத்து நேர்கிறது.

எட்டாம் படி: இரும்புக் கணக்கில் பயிற்சி எடுத்தல்

ஹெஸ் விதியைக் கையாளப் பழகுவதற்கு இரும்பை விட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் வட்டத்திலுள்ள மயிலாடும்பாறையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்கிறது என்ற காலக்கணிப்பு 2022இல் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. பழைய உலைகளில் தாதுவோடு மரக்கரியை அடுக்கித் துருத்தியால் ஊதுவார்கள். கரியின் வேலை வெப்பம் தருவது மட்டுமா என்று நம் கணக்கு சொல்லிவிடும்.

தேவையான எண்கள் மூன்று. ஒரு மோல் இரும்பு ஆக்சைடு தனிமங்களிலிருந்து உருவாகும்போது −824.2 கிலோஜூல், கார்பன் மோனாக்சைடு உருவாகும்போது −110.5, கரியமில வாயு உருவாகும்போது −393.5. விளைபொருள்களின் கூட்டுத்தொகையிலிருந்து வினைபடுபொருள்களின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும்; தனிமங்களுக்கு மதிப்பு சுழியம்.

இரும்பு ஆக்சைடோடு மூன்று மோல் கார்பன் நேராகச் சேர்ந்து இரும்பும் மூன்று மோல் கார்பன் மோனாக்சைடும் தருவதாகக் கொண்டால், −331.5இலிருந்து −824.2ஐக் கழிக்க, +492.7 வருகிறது. பெரும் வெப்பக்கொள்வினை. இப்போது மறுவழி. இரும்பு ஆக்சைடோடு மூன்று மோல் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து இரும்பும் மூன்று மோல் கரியமில வாயுவும் தருவதற்கு −24.8 மட்டுமே. அந்தக் கரியமில வாயு மூன்று மோலும் மறுபடி கரியோடு சேர்ந்து ஆறு மோல் கார்பன் மோனாக்சைடு ஆவதற்கு 3 × 172.5, அதாவது +517.5. இரண்டையும் கூட்டுங்கள்: 492.7. இரண்டு சாலையும் ஒரே ஊரில் வந்து சேர்ந்துவிட்டன. தாளில் நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் இதன் சுவை தெரியும்.

ஆக, கரி இரண்டு வேலை செய்கிறது. தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பது ஒன்று. அதற்குக் குறைபடும் 492.7 கிலோஜூலைத் தனியாக எரிந்து தருவது மற்றொன்று. ஒரு மோல் கார்பன் முழுதாக எரிந்தால் 393.5 என்பதால், குறைந்தது 1.25 மோல், 15 கிராம் கரி கூடுதலாக வேண்டும். உண்மையான உலையில் இதைப் போலப் பல மடங்கு செலவாகும். உலைச்சுவர் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. துருத்தி ஊதும் காற்றில் ஐந்தில் நான்கு பங்காக இருக்கும் நைட்ரஜனும் வினையில் கலவாமலேயே சூடேறி வெளியேறுகிறது.

பாடநூல் சமன்பாட்டை வாசிக்கும்போது

இனிப் புத்தகத்தைத் திறக்கலாம். ஒவ்வொரு பொருளும் திண்மமா, நீர்மமா, வாயுவா என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பதை விட்டுவிடாதீர்கள். ஹைட்ரஜன் எரிந்து நீர்ம நீரானால் −286 கிலோஜூல், நீராவியானால் −242; இடையிலுள்ள 44 ஒரு மோல் நீரை ஆவியாக்கும் வெப்பம். ஈர விறகு வீட்டைப் புகையால் நிரப்பி, சமையலுக்குக் குறைந்த வெப்பமே தருவதும் இதனோடு சேர்ந்ததுதான். சமன்பாட்டை இரண்டால் பெருக்கினால் டெல்டா எச்சையும் இரண்டால் பெருக்க வேண்டும். வினையைத் திருப்பி எழுதினால் குறியைத் திருப்ப வேண்டும். பழைய நூல்களில் கலோரி இருந்தால் 4.184ஆல் பெருக்கி ஜூலாக்கிக்கொள்ளலாம். உங்கள் சோதனையில் வந்த எண் புத்தக எண்ணோடு ஒத்துவராவிட்டால், எழுதியதை அழித்துவிட்டுப் புத்தக எண்ணை எழுதாதீர்கள். வெப்பம் எந்த வழியில் கசிந்திருக்கும், கலக்கியது போதவில்லையா, யூரியா ஈரம் கோத்திருந்ததா என்று தேடிப் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

வேலை முடிந்ததும் பொருள்களை அப்புறப்படுத்துவதில் கவனம் வேண்டும். யூரியாக் கரைசலை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்து தென்னை அடியிலோ செடி அடியிலோ ஊற்றிவிடலாம். வாளியில் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மாடோ ஆடோ தாகத்தில் அதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. நடுநிலையான உப்புக் கரைசலை ஆய்வகத் தொட்டியில் தண்ணீரோடு கழுவி விடலாம். காகிதக் கப்புகளைத் தேநீருக்கு மறுபடி பயன்படுத்த வேண்டாம்; "சோதனைக்கு" என்று பேனாவால் எழுதித் தனியாக எடுத்துவையுங்கள்.